நாத்தம் நின்ற வீடு

கரண்ட் இப்போதைக்கு வராது. நெருங்கி உட்காருங்கள். ஏலே நேசக்குமாரு, அந்த செல்போன் வெளிச்சத்தை அமத்து. இது நம்ம கிருபாநிதி சாருடைய மச்சினன் டிக்சனுக்கு நடந்தது. சார் பொய் சொல்ல மாட்டார். கூட்டிச் சொல்வதெல்லாம் நான்தான்.

மணி மத்தியானம் பன்னிரண்டரை... ஏன், பேய்க்கு வெயில் ஆகாதா? துறைமுகத்திலிருந்து வருகிற உப்பளத்து ரோடு. ரெண்டு பக்கமும் கண்ணைக் குத்துகிற வெள்ளை. ஒரு லாரி இல்லை. ஒரு நாய் இல்லை. டிக்சன் பைக்கில் தனியாக வருகிறான்.

பின் சீட் அமுங்கியது.

மெதுவாக... ஆள் ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி. கூடவே அழுகின முட்டை நாத்தம்.

"சார்... நாறுதா சார்?"

டிக்சன் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் யாருடையது என்று தெரியும். இசக்கியப்பன். ஓட்டப்பிடாரத்துக்காரன். அவன் செத்து ரெண்டு மாசம் ஆகியிருந்தது.

டிக்சன் எண்ணெய்க் கப்பலில் ஆபீசர். கப்பலா அது! முன்பக்கம் மழை கொட்டும்போது பின்பக்கம் வத்தல் காயப்போடலாம். அதிலுள்ள ஒரு தொட்டிக்குள் நாசரேத்துக் கோயிலைக் கோபுரத்தோடு இறக்கி மூடிவிடலாம். எண்ணெயை இறக்கின பிறகு, காலித் தொட்டிக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் மீட்டரை உள்ளே விட்டு விஷவாயு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது டிக்சன் வேலை.

அன்றைக்கு மீட்டரில் பேட்டரி இல்லை. வேறு மீட்டர் கப்பலின் பின்பக்கம் இருந்தது. அரபிக்கடல் வெயிலில், கொதிக்கிற இரும்புத் தளத்தில், கால் மைல் நடக்க வேண்டும். தொரைக்குக் கால் வலிக்காதா?

தொட்டியைக் கழுவ இறங்க வேண்டிய இசக்கியப்பன் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சார், மொதல்ல குப்புன்னு நாறிச்சு. இப்ப நாத்தம் இல்ல."

"இல்லேன்னா நல்லதுதானல. எறங்கு."

அங்கேதான் தப்பு. அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாத்தம் இருந்தால் ஆள் பிழைக்கலாம்... நாத்தம் நின்றால்தான் ஓட வேண்டும். டிக்சன் இதைப் படித்துப் பாஸானவன்.

இசக்கியப்பன் ஏணியில் பாதிகூட இறங்கவில்லை. கீழே விழுந்த சத்தம் மேலே வர நேரமாயிற்று. அவ்வளவு ஆழம். விசாரணையில் டிக்சன், "சொல்லாமக் கொள்ளாம அவனே எறங்கிட்டான்" என்று சொல்லிவிட்டு லீவில் ஊருக்கு வந்துவிட்டான்.

மில்லர்புரத்தில் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியபோது பின் சீட்டில் யாரும் இல்லை. ஆள் உட்கார்ந்த அச்சில் கறுப்பு எண்ணெய் மட்டும் பிசுபிசுவென்று இருந்தது.

நாத்தம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

"அத்தான், எங்கயோ எலி செத்துக் கெடக்கு," என்றாள் மனைவி ஜெபிஷா. பரணைக் கழுவினாள், சாக்கடையைக் குத்தினாள். சோற்றில் நாத்தம், தலையணையில் நாத்தம். பக்கத்துத் தெருக் காக்கா எல்லாம் எட்டயபுரத்துக்குக் குடிபோய்விட்டன! டிக்சன் மட்டும் விடிந்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "நாறுது... நல்லா நாறுது," என்று சிரிப்பான்.

"ஒங்களுக்குக் கிறுக்கு முத்திப்போச்சு," என்று ஜெபிஷா போய்ச் சபை ஐயரை, கோயில் பாதிரியாரை, அழைத்து வந்தாள். ஐயர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நீளமாக ஜெபம் செய்தார்.

மறுநாள் மத்தியானம், டிக்சன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நாத்தம் நின்றது. விளக்கை அணைத்தாற்போல... சட்டென்று.

"ஜெபிஷா! வெளிய வாளா! பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வா!"

அலறிக்கொண்டே தெருவுக்கு ஓடினான். ஜெபிஷா ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். வெறுங்கையோடு.

"எதுக்குக் கத்துதீய? நாத்தம் போயிருச்சு, ஐயருக்குக் கோழி அடிச்சுப் போடணும். ஜெமி உள்ள தொட்டில்ல தூங்குதா."

கப்பலில் ஒரு சட்டம் உண்டு. உள்ளே விழுந்தவனைத் தூக்க, முகமூடி இல்லாமல் எவனும் போகக் கூடாது. போனால் ரெண்டு பிணம். டிக்சன் நடுத்தெருவில் வெறுங்காலோடு நின்றான். தார் சுட்டது. உள்ளே தொட்டில் மெல்ல ஆடியது தெரிந்தது... காற்றே இல்லை. ஆட்டிவிடவும் அங்கே ஆள் இல்லை.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாய்ந்தான்.

தொட்டில் வரைக்கும் போய்விட்டான், பாவம். பிள்ளையைத் தூக்கக் குனிந்தான். அப்போது காதுக்குப் பக்கத்தில் யாரோ எதையோ கேட்டிருக்க வேண்டும்... பதில் சொல்ல வாயைத் திறந்தவன் மாதிரி, திறந்த வாயோடு அப்படியே விழுந்தான். பின்னாலேயே ஓடிவந்த ஜெபிஷாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தார்கள். இடுப்பில் கிடந்த புது வெள்ளி அரைஞாண் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. வெள்ளியை அப்படிக் கறுக்க வைக்கிறதும் அந்த வாயுதான். ஜெபிஷா தினமும் பல்பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கட்டுகிறாள். விடிந்தால் கரேர் என்று கிடக்கிறது.

வீட்டில் ஒரு நாத்தமும் இல்லை என்கிறார் கிருபாநிதி சார். நேற்றிலிருந்து ஜெபிஷாவின் கொலுசும் கறுக்கிறதாம்.