கிள்ளாமல் வளைத்தது

எங்கள் வீட்டுக் கூரை தாழ்வு. செடியை அதன் போக்கில் நேராக வளர விட முடியாது. விளக்கில் இடித்து நுனி கருகிவிடும்.

நீங்கள் செடிகளை எண்ண வரவில்லை என்று தெரியும், மேடம். ஆனாலும் எண்ணிக்கொள்ளுங்கள். ஆறு. இங்கே மோன்டேவீடியோவில் சட்டப்படி ஒரு வீட்டுக்கு அவ்வளவு கஞ்சாச் செடிதான் அனுமதி. அதனால் ஒவ்வொன்றிலும் அதிகம் எடுத்தாக வேண்டும்.

அதற்கு ஒரு வழி, நுனியைக் கிள்ளுவது. மேல்வீட்டுக்காரர் வாஷிங்டன் அப்படித்தான் செய்வார். கிள்ளிய செடி அதிர்ந்துபோய் ஒரு வாரம் வளராமல் நின்றுவிடும். இன்னொரு வழி, வளைத்துக் கட்டுவது. ரப்பர் சுற்றிய கம்பியால் தண்டை நாளுக்கு ஒரு விரல் அளவு சாய்க்க வேண்டும். முரண்டு பிடித்தால் தளர்த்திவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடியும். செடிக்குத் தெரியவே தெரியாது. நான் தாவரவியல் படித்தவள். மூன்றைக் கிள்ளியும் மூன்றை வளைத்தும் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வந்தேன். வளைப்பதுதான் நல்லது.

அக்கா நிபியாவைப் பற்றிக் கேட்டீர்கள்.

அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு வெளி ஆட்களிடம் பேச வராது. பேக்கரியில், வங்கியில், இந்தச் செடிகளைப் பதிவு செய்யப் போன தபால் நிலையத்தில்கூட அக்காதான் பேசினாள். "இவ வாயில கொழுக்கட்டை. எதுவானாலும் என்கிட்ட கேளுங்க" என்று என்னைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் முதுகுக்குப் பின்னால் நிம்மதியாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாத்தே இலை போட்ட குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கடல் தாண்டி வலென்சியாவில் ஹோட்டல் வேலை கிடைத்திருக்கிறது என்றாள் அக்கா. "மார்ச்ல கிளம்புறேன்டி. நீயும் வாயத் தொறந்து பழக வேணாமா?" உறிஞ்சி முடித்துக் குடுவையை நீட்டி, "நன்றி" என்றாள். மாத்தே குடிக்கும்போது அப்படிச் சொன்னால் போதும் என்று அர்த்தம்.

நான் அழவில்லை. பாஸ்போர்ட்டை ஒளித்துவைக்கவில்லை. அதெல்லாம் கிள்ளுவது.

முதல் நாள், "உன் சிரிப்பு கொஞ்சம் சத்தம்க்கா, பேக்கரிக்காரி மூஞ்சியச் சுளிச்சா" என்றேன். அவ்வளவுதான். அடுத்த வாரம், தூக்கத்தில் உளறுகிறாய் என்றேன். பிறகு முகம் வெளுத்திருக்கிறது என்றேன். தோழிகள் வந்தால், அவளுக்குத் தலைவலி என்று வாசலிலேயே அனுப்பினேன். ஏனோ யாரும் வருவதில்லை என்று அவளிடம் வருத்தப்பட்டேன். அவள் நிமிர்ந்த நாட்களில் தளர்த்தினேன். கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன்.

பிப்ரவரியில் வலென்சியா ஹோட்டலுக்கு நானே போன் செய்தேன். நிபியாவுக்கு உடம்பு சரியில்லை, வரமாட்டாள் என்றேன். முன்பின் தெரியாதவரிடம் நான் பேசிய முதல் போன் அது. குரல் நடுங்கவில்லை. அவர்களே வேண்டாம் என்றுவிட்டதாக அக்காவிடம் சொன்னேன்.

"நானே நினைச்சேன்" என்றாள்.

அதன் பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. இங்கே பார்த்த வேலையையும் விட்டுவிட்டாள். செடி அறை வெதுவெதுப்பாக இருக்கிறது என்று அங்கேயே இருக்கிறாள். விளக்கு அணைந்தால் தூங்குகிறாள். மாத்தே கொடுத்தால், நான் ஊற்றுவதை நிறுத்தும்வரை குடிக்கிறாள். நன்றி சொல்வதில்லை.

போன வாரம் வாஷிங்டன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "செடி டாக்டரம்மா, இந்தத் தெருவுக்கே ரேடியோவா இருந்தவள என்ன பண்ணி வச்சிருக்க? நிபியா, எந்திரி. பைய எடு. இப்பவே கிளம்பு" என்று கத்தினார். அவள் எழுந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அவர்தான் உங்களிடம் புகார் கொடுத்திருப்பார். கிள்ளிப் பழகியவர்களுக்குப் பொறுமை கிடையாது.

எல்லாம் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: கதவில் பூட்டு இல்லை. பாஸ்போர்ட் இழுப்பறையில்தான் இருக்கிறது. அவள் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அவளை எதற்கும் நான் வற்புறுத்தியதே இல்லை.

அதோ, உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறாள். போய்ப் பாருங்கள். அவளுக்குப் பேச்சுப் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

எதுவானாலும் என்னிடம் கேளுங்கள்.