நம்பருக்குப் பின்பக்கம்

அந்த டீயக் குடிக்காதீங்க தம்பி. ரெண்டு நாளா பாக்குறேன், கோப்பை கழுவுன தண்ணியத்தான் சூடு பண்ணிக் குடுக்குறானுங்க. ச்சை. கீழ வைங்க. மொதல்ல உக்காருங்க. மன்னிப்பெல்லாம் வேணாம் லா, இப்ப வேணாம். ஆரஞ்சு எதுக்கு? அவளுக்கு இப்ப உப்புக் கஞ்சிதான். சரி, குடுங்க, அவங்கம்மா திங்கட்டும்.

எம்மக அமண்டா முழிச்சிட்டா தம்பி. காலையில பேசுனா. இனிமே உயிருக்குப் பயமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அட, கண்ணத் தொடைங்க, நர்ஸ் பாக்குது. சுகுமாரன்தானே உங்க பேரு? சட்டையில குத்தியிருந்துச்சே, மறக்குமா. அந்தச் சட்டையத்தானே நான் புடிச்சேன். குளுவாங்குல, ஓட்டப் பந்தயத்துல, அத்தன சனத்துக்கு முன்னாடி, என் மகள சாவடிக்கப் பாத்தியேடான்னு கத்துனேன். எவனோ படம் புடிச்சுப் போட்டிருக்கான், நானும் பாத்தேன். என் வாயிலேர்ந்து எச்சி தெறிக்குது. த்தூ, பாக்கவே அருவருப்பா இருக்கு. அதுக்குக் கீழ நூறு பேரு, அங்கள் பாவம், அந்த முதலுதவிப் பையன சும்மா விடக்கூடாதுன்னு எழுதியிருக்கானுங்க. அவனுங்க என்னைய விட அசிங்கம்.

இல்ல இல்ல, வெயில் மயக்கம்னு யாரா இருந்தாலும் நெனப்பாங்க. அம்பது கிலோமீட்டர் ஓட்டத்துல நாப்பத்தொண்ணாவதுல விழுந்திருக்கா, செம்பனைக் காட்டுக்குள்ள, பதினோரு மணி வெயிலு. நெழல்ல படுக்க வச்சு தண்ணி குடுத்தீங்க. வேற என்ன செய்வீங்க?

அவளுக்கு என்ன நோவுன்னு யாராச்சும் வெவரமா சொன்னாங்களா? கிட்னிக்கு மேல தொப்பி கணக்கா ஒரு சுரப்பி இருக்காம். காய்ச்சல் வந்தா, அடிபட்டா, ஓடுனா, நம்ம ஒடம்பு அதுலேர்ந்து தானா சுரந்து தாக்குப்புடிச்சுக்கும். அமண்டாவுக்குச் சுரக்காது. மாத்திரைதான், சாகுற வரைக்கும், ஒரு நாளைக்கு மூணு வேளை. ஓடுற அன்னைக்குக் கூட்டிப் போடணும். வாந்தி வந்துச்சுன்னா மாத்திரையும் வெளிய வந்துரும், அப்ப ஊசிதான். ஊசி இடுப்புப் பையிலயே இருக்கும். இருந்துச்சு தம்பி, அன்னைக்கும் இருந்துச்சு.

அஞ்சு வருசத்துக்கு முன்னாடி மொதல்ல என்ன ஆச்சு தெரியுமா? கறுத்துப் போனா. மூஞ்சி, முட்டி, கைரேகை எல்லாம். அதுதான் நோவோட மொத அடையாளமாம். நம்ம சனம் என்ன சொல்லுச்சு? வெயில்ல ஓடாத, எவன் கட்டுவான். மாதா கோயில்ல பூச முடிஞ்சு வெளிய வந்தா ஒரு பொம்பள தாடையப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாக்குது, பாசார்ல மீன் பாக்குற மாதிரி. நாலு வீட்டுலேர்ந்து வெள்ளையாவுற கிரீமு வந்துச்சு. அஞ்சாவது டியூப்பு நான் வாங்குனது. ஆமா, நான்தான். புள்ள எளச்சு எலும்பாயி வாந்தி எடுத்துக்கிட்டு கெடக்கு, நான் டியூப்ப நீட்டுறேன். காறித் துப்புங்க என் மூஞ்சியில.

ஓட வேணாம்னு நான் சொல்லாத நாளு இல்ல. டாக்டரே விட்டுட்டாரு, கணக்கா மாத்திரை போட்டா ஓடலாம்னு. அந்த ஷூ நாத்தம் இருக்கே, அலமாக், தம்போய்ல எங்க வீட்டுக்குள்ள நொழைய முடியாது. கால் நகம் ரெண்டு கழண்டு விழுந்துச்சு, அத டிஷ்யூல சுத்தி மேசையில வச்சிருக்கா, நான் சாப்புடுற மேசையில! ஒடம்பு உப்பு கேக்கும்ல, ஊறுகா பாட்டில்ல இருக்குற தண்ணிய அப்படியே மடக் மடக்குன்னு குடிப்பா. நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். ஆனா தம்பி, எல்லைக்கோட்டத் தாண்டுவா பாருங்க, அப்ப அந்த மூஞ்சியப் பாக்கணும். நோவுன்னு ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

இன்னைக்குச் சாயந்திரமா? கமிட்டியா? முதலுதவிக் குழுவுலேர்ந்து உங்கள எடுத்துருவாங்களா? சம்பளமே இல்லாம வெயில்ல நின்னவர எடுக்குறதுக்கு ஒரு கமிட்டி! அந்த நம்பரத் திருப்பிப் பாத்தேன்னு சொன்னீங்களா? யாரும் நம்பலயா? எப்படி நம்புவாங்க, அவ கூட ஓடுறவங்க எல்லாருக்கும் தெரியுமே, நெஞ்சுல குத்துற நம்பருக்குப் பின்பக்கம் பெரிய எழுத்துல நோவு பேரையும், பையில ஊசி இருக்கு போடுங்கன்னும் எழுதாம அவ ஓடவே மாட்டா. என்னது? சரியாப் படிக்கலயோன்னு உங்களுக்கே சந்தேகமா? ரெண்டு நாளா தூங்கலயா?

ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க.

கேளுங்க. பிரையன்னு ஒரு பையன், அவளுக்கு மாப்பிள்ளையாப் பாத்திருக்கு. அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் அப்பா அம்மாவுக்குத் தெரியாது. கோயில்ல ரெண்டு வாரம் கல்யாண ஓலை வாசிச்சாச்சு, வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது. ஓட்டத்த முடிச்சு மெடலோட நின்னு நானே அவங்ககிட்ட சொல்றேம்பா, இதான் நோவு, இதான் நானுன்னு, அப்படின்னா. நீங்க வாயத் தொறக்காதீங்கன்னா. மருமக ஓடுறதப் பாக்கணும்னு அவங்களும் பெக்கோக்குலேர்ந்து முந்துன நாளே வந்துட்டாங்க. வெள்ளிக்கெழம இவளுக்குச் சிங்கப்பூர்ல வேல. நம்பர நான் போயி வாங்குனேன். எப்படி எழுதணும்னு போன்ல அனுப்பியிருந்தா, அப்படியே பாத்து எழுதுங்கப்பான்னு.

கவுண்டர்ல ஒரு பொண்ணு பேனாவ நீட்டுது. அங்கள், நோய் ஏதாச்சும் இருந்தா பின்னாடி எழுதுங்கன்னு. பக்கத்துல பிரையனோட அம்மா. சும்மாதான் நிக்குது, எட்டிப் பாக்குது. நான் எழுதுனேன். தியாடா. ஒண்ணுமில்லன்னு மலாய்ல எழுதுனேன். மறுநா காலையில வழக்கம் போல நானே நாலு ஊக்குப் போட்டுக் குத்திவிட்டேன், அவ திருப்பிப் பாக்கல. அப்பன்மேல அவ்வளவு நம்பிக்க.

நீங்க சரியாத்தான் படிச்சீங்க. ஆம்புலன்ஸ்ல அதக் கழட்டிக் கிழிச்சவனும் நான்தான்.

காலையில கண்ணு முழிச்சா. என்ன கேட்டா தெரியுமா? பின்னாடி எழுதியிருந்துச்சே, ஏம்ப்பா எனக்கு ஊசி போடலன்னு கேட்டா. அந்த முதலுதவிப் பையன் திருப்பியே பாக்கலம்மான்னேன். வாயி கூசாமச் சொல்லிட்டுத்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.

எந்திரிங்க தம்பி, உள்ள போலாம். நீங்க திருப்பிப் பாத்தீங்கன்னு அவகிட்ட நான் சொல்லணும்.