பதினான்காம் வளையில் இரண்டு குளவிகள்

மேடையில் வீற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசிக் கண்கலங்கிய பெரியோர்களே, ஆய்வகத் தோழர்களே, முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஆய்வக உதவியாளனின் வணக்கம். ஒலிபெருக்கி எனக்குப் புதிது. மணலில் குந்தி உட்கார்ந்து குறிப்பெழுதியே பழகியவன் நான்.

"குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும், அப்படி எங்களை ஆளாக்கினார்" என்றார் தலைவர். நல்ல வார்த்தைதான். ஆனால் எங்கள் பேராசிரியர், அண்ணன் குளவிக்காரர், இதைக் கேட்டிருந்தால் இந்தப் படத்திலிருந்து இறங்கி வந்திருப்பார். புழு எங்கே ஐயா குளவியாகிறது? கொட்டு வாங்கிய புழு அசையாமல் கிடக்கிறது. அதன்மேல் தாய்க் குளவி முட்டையிடுகிறது. பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் புழுதான் சோறு. தன் கல்யாண மேடையிலேயே, வாழ்த்த வந்தவர் இந்தப் பழமொழியைச் சொன்னபோது ஒலிபெருக்கியை வாங்கித் திருத்தியவர் அண்ணன். அண்ணியே சாட்சி.

பம்ப் அறைக்குப் பின்னால் இருக்கிறதே நாலு பாய் அகல மணல்திட்டு, அங்கே இருபத்தாறு ஆண்டு உட்கார்ந்தார். தனிக் குளவிக்கு ராணி இல்லை, வேலைக்காரி இல்லை. தானே வளை தோண்டும், தானே வேட்டையாடும். ஒரே ஒரு முட்டையிட்டு, சிறு கல்லை வாயில் கவ்வி வாசலைத் தட்டி அடைத்துவிட்டுப் போகும். பிள்ளையின் முகத்தைப் பார்க்காது. தனி என்றால் அக்கம்பக்கம் இல்லையா? ஒரு சாண் தள்ளி இன்னொரு வளை. ஒன்று புழுவைக் கொண்டுவந்து வைத்தால் மற்றொன்று திருடும். அசந்தால் வளையையே பிடித்துக்கொள்ளும். எல்லோரும் திருட்டைப் பார்த்தோம். அண்ணன் மட்டும் வேறு கேள்வி கேட்டார்.

"திருடத் தெரிஞ்ச உசுருக்குச் சேர்ந்து வாழத் தெரியாதாப்பா?"

அதற்காகக் குளவிகளின் முதுகில் ஆளுக்கொரு நிறத்தில் பொட்டு வைத்தோம். காலையில் நான் பார்ப்பேன், மாலையில் அவர். பதினான்காம் வளைக்குள் காலையில் சிவப்புப் பொட்டு போனது என்று நான் எழுதினேன். மாலையில் பச்சைப் பொட்டு போனது என்று அவர் எழுதினார். பன்னிரண்டு நாள் இப்படியே. ஒரே வளையில் இரண்டு தாய்கள், முறைவைத்து! கட்டுரை வெளிவந்தது. பாராட்டும் வந்தது.

அன்பர்களே, எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேலை போய்விடும் என்று சேர்ந்த நாளிலிருந்து மறைத்தேன். பதினான்காம் வளையில் இருந்தது ஒரே குளவி. பச்சைப் பொட்டு. அவ்வளவுதான்.

மறு பருவத்தில் ஒருநாள் அண்ணன் சீக்கிரமே வந்து என் பின்னால் நின்றார். பச்சை போனது. நான் சிவப்பு என்று எழுதினேன். அவர் குனிந்து என் குறிப்பேட்டைப் பார்த்தார். பதினைந்து நாளில், "பார்த்ததில் பிழை, பிழை என்னுடையது" என்று தன் பெயரில் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். இயக்குநர் பதவி கைநழுவியது. கதை கட்டுகிறவர் என்று இதே கட்டடத்தில் சிரித்தார்கள். அடுத்த பருவம் வண்ணப் பெட்டியைத் திறந்தால் வெள்ளை, மஞ்சள், நீலம் மட்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருமுறை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"விடுப்பா. நீ போயிட்டா காலையில அங்க யாரு உட்காருவா?" என்றார்.

பதினோரு ஆண்டு நானும் விட்டுவிட்டேன். வாய் இருந்தது, துணிச்சல் இல்லை. அண்ணி, அந்தப் பிழை அண்ணனுடையது அல்ல, என்னுடையது. உங்கள் காதுபட அவரைப் பொய்யர் என்றார்களே, அப்போதெல்லாம் நான் பக்கத்தில்தான் நின்றேன். வெட்கமாக இருக்கிறது. அந்தக் கட்டுரை வந்த ஆய்வுப் பத்திரிகைக்கு இன்று காலை உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். நகல் தலைவரின் மேசையில் இருக்கிறது. என் வேலையை என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இன்னும் ஒன்று உண்டு. இந்தப் பருவம் முப்பத்தொன்றாம் வளைக்குள் வெள்ளையும் நீலமும் ஒன்றாகப் போயின. அண்ணனும் நானும் சேர்ந்து இரண்டு தடவை பார்த்தோம். மூன்று தடவை பார்க்காமல் எழுதக்கூடாது என்றார். மூன்றாவதற்கு அவர் இல்லை. அந்த வளை இன்னும் அடைபடவில்லை.

நாளைக் காலை ஏழரைக்கு அங்கே உட்காருவேன். பருவம் முடியும்வரை உட்காருவேன். இது நான் அண்ணனுக்குத் தரும் வாக்கு. ஆனால் இனி என் கண்ணை மட்டும் நம்பி யாரும் எதையும் எழுதக்கூடாது. அவருடைய முக்காலி காலியாக இருக்கிறது. நல்ல கண்ணுள்ளவர் ஒருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்?

அண்ணி... நீங்களா?

சரி அண்ணி. வெயில் ஏறிவிடும், குடை எடுத்து வாருங்கள்.