முகம் இருந்த இடம்

படத்தை எப்போதும் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேதான் மாட்ட வேண்டும், வக்கீல் மேடம். மேலே மாட்டினால் பார்ப்பவருக்குக் கழுத்து வலிக்கும். கழுத்து வலித்தால் கோபம் வரும். ஓவியக்கூடத்தில் எது சுவருக்கு, எது கிடங்குக்கு என்று முடிவு செய்பவன் நான். அடுத்தவர் கோபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதுதான் என் வேலை.

அதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கண்காட்சி திறப்பதற்கு முன் வாசல்வரை போய், பெரிய அதிகாரி மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வருவேன். ஒவ்வொரு படத்தின் முன்பும் நின்று, "இதெல்லாம் என்னய்யா?" என்று உறுமிப் பார்ப்பேன். தடங்கலில்லாமல் வாயில் வந்துவிட்டால் அந்தப் படம் கிடங்குக்குப் போகும். "நம்ம வீட்டு காலண்டரையும் ஒரு தடவ பாத்துடுங்க" என்று மனைவி கிண்டல் செய்தாள். பார்த்தேன். மாற்றிவிட்டேன்.

உங்கள் கட்சிக்காரரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மகனைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. வீட்டிலிருந்த போட்டோக்களையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த முகத்தை அக்கா ஞாபகத்திலிருந்து வரைந்தார். கதவில் சாய்ந்து நிற்கும் ஒரு பையன், அவ்வளவுதான் படம். அதன் முன்னால் நின்றதுமே எனக்கு உறுமல் வந்துவிட்டது.

"அக்கா, முகத்த மட்டும் கொஞ்சம் மங்கலாக்கிடுங்களேன்" என்றேன்.

"எங்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான் தம்பி. வேணாம்னா குடுத்துடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. எடுத்துப்போனால் ஊர் என்ன பேசும்? இத்தனை வருஷம் இந்தக் கூடத்தைக் கட்டிக் காத்தவனைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லும். தர முடியாது என்றேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் வண்ணம் கரைக்கும் டர்பன்டைனில் பஞ்சை நனைத்தேன். வண்ணம் இன்னும் சரியாகக் காயவில்லை. கண்கள் சீக்கிரம் போய்விட்டன, வாய்தான் கொஞ்சம் அடம்பிடித்தது. படத்துப் பையனின் சட்டைக் காலரில் ஒரு சொட்டுப் படவில்லை, நீங்களே போய்ப் பார்க்கலாம்.

திறப்பு நாளன்று நிஜ அதிகாரியே வந்தார். அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"நல்லா இருக்கே. முகத்த ஏன் வரையாம விட்டுட்டாங்க?" என்றார்.

அக்கா எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மறுபடி வரைய உட்கார்ந்தால் முகம் கைக்கு வரமாட்டேன் என்கிறதாமே. அதற்கும் நானா பொறுப்பு?

யார் உத்தரவு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். போன் வரவில்லை, கடிதம் வரவில்லை, யாரும் வந்து மிரட்டவில்லை. ஆனால் உத்தரவு வந்தது மேடம், என் காதாலேயே கேட்டேன். வாசலிலிருந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, அந்தப் பையன் முகத்துக்கு நேரே நின்று, "இதெல்லாம் என்னய்யா?" என்று கேட்டது. அந்த ஆளைப் பிடித்து விசாரியுங்கள். என்னை விட்டுவிடுங்கள்.