சின்னானின் ஞாபகம் பற்றி மயிலாள் சொன்னது

என் பெயர் மயிலாள், வயது 47, கணவர் பெயர் சின்னான். வீரபாண்டிக்குத் தெற்கே லைன் வீட்டில் குடியிருந்துகொண்டு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்துவருகிறேன். ஈயப் பட்டறையில் மாரிச்செல்வம் இறந்தது சம்பந்தமாக என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது.

பனியன் கம்பெனிகளில் கழித்துப்போடும் இன்வெர்ட்டர் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தகடுகளைக் கொப்பரையில் போட்டு உருக்குவது மேற்படி பட்டறையின் வேலை. முதலாளி பெயர் தரணீதரன். என் கணவரும், தெற்கத்திப் பையனான மாரிச்செல்வமும் கொப்பரையடியில் நின்று உருக்கும் வேலை பார்த்தார்கள். ஈயப் புகை ஞாபகத்தைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டு வேலையாட்கள் பயந்ததால், முதலாளி தினமும் வாசலில் நின்று ஆளுக்கு ஒரு வைட்டமின் மாத்திரையும் ஒரு நெல்லிக்காயும் கொடுத்து, விழுங்கிய பிறகே உள்ளே விடுவார். "இது ஈயத்த முறிச்சுப்போடும், ஒண்ணும் ஆகாது மயிலா" என்று என்னிடமும் சொன்னார். நானும் நம்பினேன்.

அதன் பிறகும் என் கணவருக்கு மறதி கூடிக்கொண்டே போனது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து சோறு கேட்பார். கட்டிக்கொடுத்துவிட்ட மகள் கவிப்பிரியா இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லையே என்று வாசலைப் பார்ப்பார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், வைட்டமின் நல்லதுதான், ஆனால் ஈயம் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் மாத்திரை என்ன செய்யும், முதலில் அந்த வேலையை விடச் சொல்லுங்கள் என்றார். என் கணவரும் விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டு, மறுநாள் அதை மறந்து வேலைக்குக் கிளம்பினார்.

ஆகவே சம்பவத்தன்று அவரை வீட்டில் வைத்து வெளியே பூட்டிவிட்டு நான் வேலைக்குப் போனேன். சாவி என் இடுப்பில் இருந்தது. சாயங்காலம் வந்து திறந்தபோது, சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு, பட்டறை வேன் இன்னும் வரவில்லை என்றார். அதன் பிறகுதான், ஈரத்தகட்டைக் கொப்பரையில் போட்டதால் ஈயம் வெடித்துத் தெறித்து மாரிச்செல்வம் இறந்துபோன சேதி வந்தது.

அதன் பிறகு முதலாளி ஸ்டேஷனில் வைத்து, "சின்னா, நீதான ஈரத்தகட்ட அள்ளிப்போட்ட?" என்று கேட்க, என் கணவர் "ஆமாங்க சாமி" என்றார். நான், "ஏனுங்க, அன்னைக்கு நீங்க ஊட்லதான இருந்தீங்க?" என்று கேட்டேன். அதற்கும் "ஆமா மயிலா" என்றார். முதலில் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். அவருக்கு ஞாபகமே இல்லை என்று நான் சொன்னதற்கு, தினமும் மாத்திரை கொடுத்திருப்பதால் ஞாபகம் நன்றாகவே இருக்கிறது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

லைன் வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டதால் நான் பூட்டியதைப் பார்த்தவர் இல்லை. பட்டறையில் இருந்த வடநாட்டு ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்களாம். பெண்டாட்டி புருஷனுக்காகப் பேசத்தான் செய்வாள் என்கிறார்கள். இதற்கு மேல் யாரிடம் போய்ச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மாரிச்செல்வம் எங்கள் வீட்டில் சாப்பிட்ட பையன். அவன் ஏன் வரவில்லை என்று என் கணவர் தினமும் கேட்கிறார். நான் சொன்னதும், அப்போதுதான் கேட்பதுபோல் அழுகிறார்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. வாசித்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர், யாரும் கேட்காமலே "நெசந்தானுங்க சாமி" என்று சொல்லி, கையெழுத்துப் போடக் கை நீட்டினார். அவரிடம் பேனாவைக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) மயிலாள்