இட்டேரியில் பச்சைக் கொத்து

— நில்லுங்க ரசாக் பாய். அந்தக் காலை அப்படியே பின்னால எடுத்து வைங்க.

— வெறும் புல்லுங்களே மாசாணம் அம்மணி.

— புல்லுக்குள்ளதான் சுருக்குக் கம்பி கெடக்கும். காட்டுப்பன்னிக்கு வெச்சது. போன வருசம் ரெண்டு வேலிக்கு நடுவால போற இதே இட்டேரித் தடத்துல ஒரு எருமைக் காலை எலும்பு தெரிய அறுத்துப்போட்டுது. உங்க காலு எம்மாத்தரம்?

— சீலை மூட்டை சுமந்து ஊரூராத் தேயற காலுங்க. அதுவும் போச்சுன்னா ஏவாரமே போச்சு.

— வேலியோரம் பாருங்க, முடிஞ்சு வெச்ச ஆவாரங்கொத்து. எங்கூட்டுக்காரரோட அடையாளம். கம்பி வெச்ச எடத்த வாய்விட்டுச் சொன்னாப் பன்னி சிக்காதுன்னு எங்கிட்டக்கூட மூச்சு விடமாட்டாரு. கொத்து சாயற பக்கம் கம்பின்னு நானாக் கண்டுபிடிச்சதுங்க. ஆடியில காய்ச்சல் வந்து அவரு போய்ச் சேந்துட்டாரு. கம்பி மட்டும் இங்கயே கெடக்குது.

— அதுதான் ஊரே உங்க கதவத் தட்டுது.

— தட்டாம? கேபிள் டிவி வந்ததுல இருந்து வாசல்ல நின்னு ஒரு வார்த்தை பேச நாதியில்ல. இட்டேரியில போகோணும்னா மட்டும், ‘அக்கா, முன்னால நடங்க’ம்பாங்க. அந்தச் செவப்புத் துண்டை நல்லாத் தெரியறாப்பல தலையில கட்டுங்க. பேசிக்கிட்டே வாங்க.

— பேசியே ஆகோணுங்களா?

— கடலைக்காய் முத்தற மாசமுங்க. புதருக்குள்ள நாட்டுத் துப்பாக்கியோட ஒருத்தன் குந்தியிருப்பான். சத்தமில்லாம வந்தாப் பன்னின்னு சுட்டுப்போடுவான்.

— அப்ப என் ஊட்டுக்காரி ஹபீபுன்னிசாவைக் கூட்டியாரோணும். அவ வாயத் தொறந்தா பன்னியும் ஓடும், துப்பாக்கிக்காரனும் ஓடுவான்.

— பாவம், சோறாக்கி வெச்சுப்போட்டுக் காத்துட்டிருப்பாங்க. உக்கடம் பஸ்ஸ உட்டுப்போடாதீங்க.

— ஆமாங்க. லேட்டானாக் கத்துவா.

— இதா, தார் ரோடு வந்தாச்சு. இனிமே பயமில்லீங்க.

— அம்மணி, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?

— கேளுங்க.

— ஆடியில போனவரு முடிஞ்ச கொத்து, கார்த்திகையிலயும் எப்படிங்க பச்சையா இருக்குது? சொல்ல வேண்டாமுன்னாச் சொல்லாதீங்க.

— கம்பியெல்லாம் கருமாதி முடிஞ்ச கையோட நானே பொறுக்கியாந்துபோட்டேனுங்க. வெறகுக்குப் போறப்ப கொத்து மட்டும் புதுசா முடிஞ்சு வெக்கறேன்.

— துப்பாக்கிக்காரனும் நீங்க முடிஞ்சு வெச்சவன்தானா?

— இல்லீங்க, அவன் நெசம். துண்டை அவுத்துப்போடாதீங்க.

— சரிங்க.

— கொத்தை நாந்தான் மாத்தி மாத்தி வெக்கறேன்னு எப்பங்க புரிஞ்சுது?

— போன மாசமே.

— தெரிஞ்சும் இன்னைக்கு ஏனுங்க என் கதவத் தட்டுனீங்க?

— லேட்டானாக் கத்தறதுக்கு ஊட்டுல ஹபீபுன்னிசா இல்லீங்க அம்மணி. அவ மவுத்தாயி ரெண்டு வருசமாச்சு.