வாஹ்தி என்கிற பெயர்

உங்கள் காவல் நிலையத்தில் காபி நன்றாகவே இருக்கிறது. இலவங்கப்பட்டை ரொட்டி வேறு கொடுத்தீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா.

நாங்கள் முப்பது பேர் சம்பளம் வாங்காமல் ஓர் இயங்குதளத்தைப் பராமரிக்கிறோம். சம்பளம் இல்லாத இடத்தில் ரோஷம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். என் மென்பொருளின் பெயர் வாஹ்தி, நம் ஃபின்னிஷ் மொழியில் காவலாள். சவுனா, அதாவது நீராவிக் குளியல் அறை, சூடாகிவிட்டதா என்று பார்த்துச் சொல்லும். எங்கள் முப்பது பேரில் ஒருவனான வெய்க்கோவும் ஒன்று எழுதினான். அவன் அக்கா ஹில்க்காவுக்கு நுரையீரல் நோய். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம். அது நின்றால் அவர் கணினியிலிருந்து இவன் போனுக்கு மணி அடிக்கும். அதற்கும் வாஹ்தி என்றே பெயர் வைத்தான். உயிர் காக்கிறதாம்.

எங்கள் விதி தெளிவானது. ஒரே பெயரில் இரண்டு வந்தால் பேசித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் இருவருமே பெயரை மாற்ற வேண்டும். ஒரே கணினியில் சேர்ந்து இருக்கவே முடியாதவற்றுக்குத்தான் 'மோதல்' என்று அறிவிக்கலாம். அப்படி அறிவித்தால் ஒன்று உள்ளே வரும்போது மற்றது வெளியே போய்விடும்.

"ரெண்டு பேருமே மாத்திக்கலாம் யார்மோ. ஒரு பேருக்குப் போயி மல்லுக்கட்டணுமா?" என்று என்னிடம் கேட்டான் வெய்க்கோ. அந்தப் பெயரை அவனுக்குப் பதினோரு நாள் முன்னாலேயே பதிந்தவன் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'மோதல்' என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். அந்த மாதப் புதுப்பிப்பைத் தொகுப்பது என் முறை. என் வாஹ்தி எல்லோருக்கும் போகும்படி பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை மதியம் வெளியானது. அதே மதியம் சமாதானம் பேச வெய்க்கோவை என் சவுனாவுக்குக் கூப்பிட்டிருந்தேன். சவுனாவில் யாரும் குரல் உயர்த்துவதில்லை அல்லவா.

உடம்பு ஆற வெளியே வந்தேன். பெஞ்சின் மேல் அவன் போன் அடித்தது. எடுத்து ஹலோ என்றேன். ஹில்க்கா.

"யார்மோவா? கம்ப்யூட்டர் என்னமோ கேக்குதுப்பா. பழைய வாஹ்திய எடுத்துட்டுப் புதுசப் போடட்டுமாங்குது. தம்பியக் கூப்பிடேன்."

"அவன் உள்ள வெந்துக்கிட்டு இருக்கான். ஆமான்னு அழுத்துங்க ஹில்க்கா. ஒண்ணும் ஆகாது."

அழுத்தியது அவர் விரல். கேட்காமல் எதையும் நீக்குவதில்லை என்பதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை.

செவ்வாய் மதியம் இயந்திரம் நின்றபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. வேலையில் இருந்த வெய்க்கோவின் போன் அடிக்கவில்லை. என் வாஹ்தி மட்டும் கடமை தவறவில்லை. அந்த வீட்டுச் சவுனா இன்னும் சூடாகவில்லை என்று திரையில் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை போன் பேசிவிட்டு நான் சவுனாவுக்குள் திரும்பியதும் வெய்க்கோ, "போன்ல யாரு?" என்று கேட்டான். ராங் நம்பர் என்றேன். அவன் ஆவி கிளம்ப அடுப்பின் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சொன்னான்: "பேர நீயே வச்சுக்கடா. அடுத்த வாரம் என்னுத மாத்திடறேன்."

அந்த வீட்டில் இனி மணி அடிக்காது என்று எனக்குத் தெரியும். சொல்வதற்கு மூன்று நாள் இருந்தது. ஆனால் அவ்வளவு பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தவனிடம் போய் அதைச் சொல்லி, அவன் மனதை நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை.